இரண்டு அரிசி கூடினால்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒரு ராஜாவை ஓட்டாண்டியாக்கிய கதையைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. கேரளத்து அம்பலப்புழையில் இதற்குத் தலபுராணமே உண்டு. முனிவர் வேடத்தில் வந்து ராஜாவை ஆட்டத்தில் தோற்கடித்தவர் கிருஷ்ணன்தான் என்றும், அடைக்கவே முடியாத அந்த அரிசிக் கடனைத்தான் தினமும் பால்பாயசமாக அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். கதை எந்த ஊரில் சொல்லப்பட்டாலும் முடிவில் கேட்பவர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: அம்மாடி, எவ்வளவு பெரிய எண்!

பெரிய எண்தான். 64 கட்டங்களின் மொத்தம் 2⁶⁴ − 1. விரித்து எழுதினால் 18446744073709551615. நம் வழக்கில் சொன்னால் ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடிக்குச் சற்று மேலே. ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், உலகம் இன்று விளைவிக்கும் அளவுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் விளைவித்துச் சேர்க்க வேண்டும்.

எனக்கு அந்த அளவில் பெரிய வியப்பு ஏதும் இல்லை. இரட்டித்துக்கொண்டே போனால் எதுவும் பெரிதாகத்தான் செய்யும். கதை முடிகிற இடத்தில் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்த அரிசியை மிச்சமில்லாமல் சமமாகப் பங்கு போட முடியுமா? முடியும் என்றால் எத்தனை பேருக்கு?

இருவருக்கு முடியாது. ஒற்றைப்படை எண், ஓர் அரிசி மிஞ்சும். மூவருக்கு முடியும், இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது, அது மூன்றால் வகுபடும். கடைசி இலக்கம் 5 என்பதால் ஐவருக்கும் முடியும். ஏழு பேருக்கு? முடியாது. பதினேழு பேருக்கு? இங்கே வாய்ப்பாடு கைவிட்டுவிடும். ஓர் எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேறு வழி வேண்டும்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், முன்னால் போகிற வண்டிகளின் எண்களைக் காரணிகளாகப் பிரித்துக்கொண்டு வருவது என் பழைய வியாதி. ஒருநாள் சிக்னலில் ஓர் ஆட்டோவின் பின்னால் 8633. ஏழால் வகுத்தால் மீதி 2. பதினொன்றால் 9. பதிமூன்றால் 1. இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாகப் போனால் இருபத்துநாலாவது முயற்சியில்தான் விடை கிடைக்கும், அதற்குள் சிக்னல் விழுந்து ஆட்டோ போயே போய்விடும். ஆனால் வர்க்கங்களை நினைவில் வைத்திருப்பவருக்கு இது ஒரே வரி. 93-இன் வர்க்கம் 8649. அதிலிருந்து 8633-ஐக் கழித்தால் 16. அதுவும் ஒரு வர்க்கம், 4 × 4. ஆக 8633 என்பது 93² − 4². பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டலும் கழித்தலுமாக இரண்டாகப் பிளக்கும். (93 − 4) × (93 + 4). அதாவது 89 × 97.

பிரான்ஸில் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கணிதம் செய்த பியர் ட ஃபெர்மா, 2027651281 என்ற பத்து இலக்க எண்ணை 1643 வாக்கில் இந்த வழியில்தான் 44021 × 46061 என்று உடைத்துக் காட்டினார். இந்தச் சின்னச் சூத்திரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க வரும்.

இப்போது அரிசிக்கு வருவோம். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். ஆக 2⁶⁴ − 1 கைவைத்தவுடனே பிளந்துவிடுகிறது: 2³² − 1, 2³² + 1 என்று இரண்டு துண்டுகள். முதல் துண்டு மறுபடியும் அதே வடிவம், அதுவும் பிளக்கும். அதில் வரும் கழித்தல் துண்டு மறுபடியும். பலாப்பழம் மாதிரி சுளை சுளையாக வந்துகொண்டே இருக்கும். கடைசியில் கையில் நிற்பவை ஆறு எண்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. ஆறையும் பெருக்கினால் ராஜா கொடுக்க வேண்டிய அரிசி ஒன்று குறையாமல் வரும். இருபது இலக்க எண், பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் உடைந்துவிட்டது.

இந்த ஆறு எண்களுக்கும் ஒரு குடும்பச் சாயல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்தது. 16 + 1, 256 + 1, 65536 + 1. ஃபெர்மா இந்த வரிசையைத்தான் 1640 வாக்கில் தன் கடிதங்களில் எழுதினார். முதல் ஐந்தும் பகா எண்கள். அதனால் இந்த வழியில் எவ்வளவு தூரம் போனாலும் கிடைப்பதெல்லாம் பகா எண்கள்தான் என்று நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஆறாவதான 4294967297-ஐ அவர் ஏன் மெனக்கெட்டுச் சோதிக்கவில்லை என்பது கணித வரலாற்றின் சின்னப் புதிர்களில் ஒன்று. அதற்கு வேண்டிய கருவிகள் அவர் கண்டுபிடித்தவைதான்.

கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1729 டிசம்பரில், கோல்ட்பாக் என்பவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லியோனார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் வாலில் இதைக் கேட்டார்: ஃபெர்மா சொன்ன இந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா? ஆய்லர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1732-இல் விடையோடு வந்தார். அந்த எண் பகா எண் அல்ல. 641-ஆல் வகுபடும்.

641 என்பதை அவர் குருட்டாம்போக்கில் பிடிக்கவில்லை. 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணாக இருந்தாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257 என்று போகும். அவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது கதவைத் தட்டியதும் திறந்துவிட்டது.

இதைச் சரிபார்க்கப் பத்து இலக்க வகுத்தல்கூட வேண்டாம். 2-ஐ எடுத்து வர்க்கமாக்கிக்கொண்டே போங்கள், 641-ஐத் தாண்டும்போதெல்லாம் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 16, 256. அடுத்தது 65536, அதில் 641-ஐ 102 முறை கழித்தால் மீதி 154. இனி 154-இன் வர்க்கம், 23716. அதில் 641-ஐ 36 முறை கழித்தால் மீதி 640. ஐந்து வர்க்கம் எடுத்தோம், 2³²-க்கு வந்துவிட்டோம். மீதி 640 என்றால், ஒன்றைக் கூட்டினால் 641, மீதி இல்லை. தீர்ந்தது. ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைக்க மூன்று இலக்கப் பெருக்கல் ஒன்று போதுமாக இருந்தது. இந்த வர்க்க வித்தையையும் மறக்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும்.

ஈவாக வரும் 6700417 பகா எண். ஆக ராஜாவின் அரிசிக்குள் இருப்பவை மொத்தம் ஏழு பகா எண்கள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தால் 128 வகுஎண்கள் கிடைக்கும். 641 பேர் உள்ள ஊருக்கு அந்த அரிசியைச் சமமாகப் பங்கு போடலாம். 255 பேருக்கும் போடலாம், 65535 பேருக்கும் போடலாம்.

இனிமேல்தான் விஷயம். குவியலில் இரண்டே இரண்டு அரிசியைக் கூடுதலாகப் போடுங்கள். 18446744073709551617. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கடைசி 5 மட்டும் 7 ஆகியிருக்கிறது. இது 2⁶⁴ + 1. ஃபெர்மா வரிசையின் அடுத்த எண். இங்கே நம் சூத்திரம் வாயடைத்து நிற்கும். வர்க்கங்களின் வித்தியாசம் பிளக்கும். கூட்டல் பிளக்காது. மூன்று பேருக்குப் பங்கு போட முடியாது. ஐவருக்கு, பதினேழு பேருக்கு, 641 பேருக்கு, யாருக்கும் முடியாது. ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர், இரண்டு லட்சம் பேர் என்று எத்தனை பேரைக் கூட்டி வந்தாலும் மிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். முதன்முதலில் மிச்சமில்லாமல் பங்கு விழுவது சரியாக 2,74,177 பேர் வந்து நிற்கும்போது. ஆளுக்கு 67280421310721 அரிசி. அந்த எண் பகா எண். ஆகவே இந்தக் குவியலுக்கு இருப்பது இந்த ஒரே ஒரு பிளவுதான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் கொஞ்சம் துயரமும் உண்டு. இன்றைய எஸ்தோனியாவில் இருக்கும் டோர்பட் வானாய்வகத்தில் வேலை பார்த்த டென்மார்க்காரர் தாமஸ் கிளாசன், 1855-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தப் பிளவைக் கடிதமாக எழுதிக் கணித மேதை காஸுக்கு அனுப்பினார். எண்களைப் பற்றிய விஷயத்தை அன்றைய உலகில் யாருக்காவது எழுதுவதென்றால் அவருக்குத்தான் எழுத வேண்டும். ஆனால் காஸ் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்துபோனார். கடிதம் அவருடைய காகிதக் கட்டுகளோடு கட்டாகக் கிடந்தது. 1880-இல் பிரான்ஸில் ஃபோர்ச்சுனே லாண்ட்ரி என்பவர், எண்பது வயதைக் கடந்தவர், இது எதுவும் தெரியாமல் பல மாதங்கள் கணக்குப் போட்டு அதே இரண்டு எண்களைக் கண்டார். எப்படிக் கண்டார் என்பதை அவர் முழுசாக எழுதி வைக்கவில்லை. 1993-இல் ஹியூ வில்லியம்ஸ் என்ற கணித அறிஞர், கிழவரின் குறிப்புகளை வைத்து அந்த வழியை ஊகித்து எழுத வேண்டியிருந்தது.

ஆய்லர் வழியிலேயே தேடியிருக்கலாமே என்று கேட்கலாம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 256-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அந்த வரிசையில் 274177 என்பது 1071-ஆவது எண். ஆயிரத்துச் சொச்சம்தானே? ஆனால் 1071-ஆவது கதவு திறக்கும் என்பது நமக்குத் தெரியும், தேடுகிறவருக்குத் தெரியாது. எண் பகா எண்ணாக இருந்துவிட்டால் ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவான கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்ல முடியும்.

ஒரு குவியலில் ஏழு பகா எண்கள், பக்கத்துக் குவியலில் இரண்டு. இதில் எது இயல்பு? இந்தக் கேள்விக்கு 1917-இல் விடை சொன்னவர்கள் ஹார்டியும் நம் ராமானுஜனும். ஓர் எண்ணை எடுத்து, அதன் இயற்கை மடக்கையைக் கண்டு, அந்த விடைக்கும் மறுபடி மடக்கை கண்டால் வருவதுதான் பெரும்பாலான எண்களுக்கு இருக்கும் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ. மடக்கைக்கு மடக்கை என்றால் ஆமை வேகத்துக்கும் கீழே. வண்டி எண் போன்ற நாலு இலக்க எண்ணுக்கு இரண்டு சொச்சம். இருபது இலக்க எண்ணுக்கு நான்கு. 617 இலக்கம் உள்ள எண்ணுக்கும் ஏழுதான் வரும். பெரிய எண் என்றால் நிறையக் காரணிகள் இருக்கும் என்று நாம் சும்மா நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ராஜாவின் எண் வழக்கத்தைவிடத் தாராளமாக உடையும் ஜாதி, இரண்டு அரிசி கூடிய எண் கஞ்சன். ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண், சுவாரசியமில்லை என்று அவர் நினைத்த 1729-கூட 7 × 13 × 19. அதன் அளவுக்கு அதுவும் தாராளம்தான்.

இன்னொரு விசித்திரம் இருக்கிறது. ஓர் எண் உடையும் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு, எங்கே உடையும் என்று துளியும் தெரியாமல் இருக்க முடியும். கேட்க அபத்தமாகத் தோன்றும். ஒரு சிறிய எண்ணில் செய்து பார்ப்போம்.

91-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். ஃபெர்மா கண்டறிந்த இன்னொரு உண்மை (இது சரியான ஒன்று) சொல்வது: 91 பகா எண்ணாக இருந்தால், 2-ஐ 90 முறை தன்னோடு பெருக்கி 91-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 2⁶ என்பது 64. அதன் வர்க்கம் 2¹², அதாவது 4096. 91 × 45 என்பது 4095. ஆக 2¹²-க்கு மீதி 1. அப்படியானால் பன்னிரண்டின் மடங்கான 2⁸⁴-க்கும் மீதி 1. மிச்சம் இருக்கும் ஆறு முறைக்கு 64. ஆக 2⁹⁰-க்கு மீதி 64, 1 இல்லை. 91 பகா எண் அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது. ஏழையும் பதிமூன்றையும் நாம் தொடவே இல்லை! உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை.

இந்த நிலையில் ஓர் எண் 27 ஆண்டுகள் இருந்தது. மாரன் மெர்சென் என்ற பாதிரியார் 1644-இல் ஒரு பட்டியல் போட்டார். 2-இன் எந்த அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்ற பட்டியல். அதில் 67-ஆம் அடுக்கும் இருந்தது. 1876-இல் எடுவார் லூகாஸ் தன் சோதனையால் அது தவறு என்று காட்டினார். அவருடைய சோதனை வேறு மாதிரி, தத்துவம் மேலே சொன்னதுதான். 2⁶⁷ − 1 உடையும்; ஆனால் எதால் என்று அவருக்கும் தெரியாது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேச அழைக்கப்படுகிறார். தலைப்பு, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி. எழுந்து போய், ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் 2-ஐ இரட்டித்துக்கொண்டே போய் 67-ஆம் அடுக்கைக் கண்டு, ஒன்றைக் கழிக்கிறார். 147573952589676412927. பலகையின் மறுபக்கம் போய் 193707721 × 761838257287 என்று எழுதி, பள்ளிப் பிள்ளை மாதிரி வரிவரியாகப் பெருக்கிக் கூட்டுகிறார். இரண்டு பக்கமும் ஒரே எண். சாக்பீஸை வைத்துவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்கிறார். அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று பின்னாளில் கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

கதையை இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் எரிக் டெம்பிள் பெல். கணித மேதைகளின் வாழ்க்கையைச் சுவையாக எழுதியவர், மசாலா கொஞ்சம் தூக்கலாகவே போடுவார். கைதட்டல் உண்மையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெருக்கலில் சந்தேகம் இல்லை, யாரும் போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரம் ஆகும். அதுதான் கோலின் மௌனத்தில் இருக்கும் விஷயம். கண்டுபிடிக்க மூன்று ஆண்டின் ஞாயிறுகள், சரிபார்க்க அரை மணி. அவர் பேசியிருந்தால்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஏற்றத்தாழ்வைப் பூட்டாக்கலாம் என்று 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடெல்மன் என்ற மூவருக்குத் தோன்றியது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பெருக்குத்தொகையை ஊருக்கே சொல்லலாம். அதை வைத்து யாரும் பூட்டலாம். காரணிகள் தெரிந்தவர் மட்டுமே திறக்க முடியும். மூவரின் முதலெழுத்துகளால் அதற்கு ஆர்.எஸ்.ஏ. என்று பெயர். அந்த ஆண்டு மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் தன் பத்தியில் 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் என்று அறிவித்தார். அன்று ரிவெஸ்ட் போட்ட மதிப்பீடு, உடைக்க 400 கோடி கோடி ஆண்டுகள்.

பதினேழு ஆண்டுகள் ஆயின. 1994-இல், சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் 1,600 கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுக்க, எட்டு மாதத்தில் அந்த எண் 64 இலக்கமாகவும் 65 இலக்கமாகவும் உடைந்தது. உள்ளே பூட்டியிருந்த வாசகம், ‘மந்திரச் சொற்கள்: அருவருக்கும் எலும்புதின்னிக் கழுகு’ என்கிற மாதிரி ஓர் உளறல். எப்படி உடைத்தார்கள்? ஆட்டோ எண்ணை உடைத்த அதே வழிதான், நிஜமாகவே. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். 8633-க்கு அது ஒரே தாவலில் கிடைத்துவிட்டது. பெரிய எண்ணுக்கு அப்படிக் கிடைக்காது. அதனால் வித்தியாசம் அந்த எண்ணாகவே இருக்க வேண்டாம், அதன் ஏதோ ஒரு மடங்காக இருந்தால் போதும் என்று தளர்த்திக்கொண்டு, லட்சக்கணக்கான சின்னச் சின்னச் சமன்பாடுகளைச் சல்லடை போட்டுச் சேர்த்து, அவற்றைப் பொருத்தமாகப் பெருக்கி இரண்டு பக்கமும் வர்க்கம் வருமாறு செய்கிறார்கள். முறைக்குப் பெயரும் சல்லடைதான். ரிவெஸ்ட் போட்ட மதிப்பீட்டில் கணினியின் வேகத்தைவிடப் பெரிதாகத் தப்பியது இந்தச் சல்லடை. 1977-இல் அது யாரிடமும் இல்லை.

2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. ஒரே ஒரு செயலிக் கருவை மட்டும் ஓட்டியிருந்தால் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும் உழைப்பு அது. இன்று பல இணையதளங்களின் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக்குப் பின்னால் இருப்பவை 617 இலக்க எண்கள். வழக்கமான 617 இலக்க எண்ணுக்கு ஏழு வாக்கில் பகாக் காரணிகள் இருக்கும் என்று மேலே பார்த்தோம். இவற்றுக்கு வேண்டுமென்றே இரண்டுதான், இரண்டும் கிட்டத்தட்ட சம உயரம். உடைவதற்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிரமமாக மனிதர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த எண்கள்.

பகா எண்ணா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும், எந்த எண்ணாக இருந்தாலும் ஏமாற்றாத, நியாயமான நேரத்துக்குள் முடிகிற ஒரு வழி உண்டு என்பதை 2002-இல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும். உலகமே நிமிர்ந்து பார்த்த ஒன்பது பக்கக் கட்டுரை அது. ஆனால் அது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். காரணிகளைக் காட்டித் தராது. இன்றைய கணினிகளில் அப்படிக் காட்டித் தரும் வேகமான வழி யாரிடமும் இல்லை. அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்ற நிரூபணமும் யாரிடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் நம் பணப் பரிமாற்றங்களில் ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருக்கிறது. குவாண்டம் கணினியில் முடியும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே வழி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினிதான் இன்னும் வரவில்லை.

ஃபெர்மா வரிசை என்ன ஆயிற்று? அவர் நம்பியதற்கு நேர்மாறாக, முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. 3-ஐப் பூஜ்யமாவது எண் என்று வைத்து எண்ணுவது வழக்கம். அப்படி எண்ணினால் 5 முதல் 32 வரை எல்லாமே உடையும் என்று தெரிந்துவிட்டது. முழுசாக உடைத்துக் காட்டியிருப்பது 11 வரைதான். 33-ஆவதை எழுதினால் 258 கோடி இலக்கங்களுக்கு மேல் வரும். அது பகா எண்ணா இல்லையா என்பதே தெரியாது.

என்னை அதிகம் உறுத்துவது இருபதாவது எண். இலக்கங்கள் 3,15,653; இந்த இதழின் பக்கங்களில் நெருக்கி அச்சிட்டுவிடலாம். அது உடையும் என்று 1988-இல் நிரூபித்துவிட்டார்கள். அதன் பகாக் காரணி எதுவானாலும் 41,94,304-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதும் தெரியும். சிறிய எண்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. உங்கள் கையில் பெரிதாக ஓர் எண் இருந்தால் சரிபார்ப்பது சுலபம். 641-க்குச் செய்த அதே வேலைதான்: 2-இல் தொடங்கி வர்க்கம், மீதி, வர்க்கம், மீதி. அங்கே ஐந்து முறை, இங்கே இருபது முறை. கடைசி மீதி உங்கள் எண்ணைவிட ஒன்று குறைவாக வந்தால் முடிந்தது. அப்படி ஒரு எண்ணை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.